பழைய டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

ராமநாதபுரம் பக்கம் பழைய அம்பாசடரையோ பெட்ரோல் ஜீப்பையோ தூசு தட்டி எடுக்கிறவர்களிடம் இப்போது ஒரே மந்திரம்தான் ஓடுகிறது. "உப்புக் காத்துல பாயிண்ட் நிக்காதுண்ணே. என்ஜினே மாத்தியாச்சு, அந்தப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரை எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்? எலெக்ட்ரானிக்ல புதுசு ஒண்ணு கம்மி விலைக்கு வருது. வாங்கி மாட்டுங்க, வேலை முடிஞ்சுது." மெக்கானிக் சொல்கிறார், ஸ்பேர்ஸ் கடைக்காரர் தலையாட்டுகிறார், வண்டிக்காரரும் பணத்தை எடுத்து நீட்டுகிறார். இந்த யோசனையில் பாதி அரைகுறை அறிவு, மீதி சோம்பல். குறைந்த செலவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டுமென்றால் நம் கரைக்குப் பொருத்தமானது காயலான் கடையில் கிடைக்கும் பழைய லூகாஸ் டி.வி.எஸ். உடம்புதான். மிச்சம் பிடிக்கும் காசைப் புஷ்ஷிலும் மூடியிலும் பிளக் வயரிலும் போடவேண்டும். இது என் கட்சி.

இந்தப் பிரச்சினை இங்கே எப்படி முளைக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் யாத்திரை டாக்சி என்றால் ஒரு காலத்தில் அம்பாசடர்தான். 1980 வாக்கில் டீசல் அம்பாசடர் வந்த பிறகு, பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்களும் டீசல் என்ஜினை ஏற்றிக்கொண்டார்கள். மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்குமாக ஓடிப் பிழைக்கிறவர்களுக்கு அதுதான் கட்டுப்படியானது. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோனது. இப்போது அதே வண்டியை ஆசைக்காக வைத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். அதிரும் டீசலை இறக்கிவிட்டுப் பழைய 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினை ஏற்றுகிறார்கள். அந்த என்ஜின் காயலான் கடையிலிருந்து வரும்போது மொட்டையாகத்தான் வரும். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் தனியாக விலைபோகிற சாமான்கள். கடைக்காரர் அவற்றை முதலிலேயே கழற்றி விற்றிருப்பார். டீசல் வண்டியில் இவற்றுக்கு வேலையே கிடையாது என்பதால் நம்மிடமும் இருக்காது. பிளாக்கின் பக்கவாட்டில் வெறும் ஓட்டை ஒன்று வாய் பிளந்து நிற்கும். அதில் எதைச் சொருகுவது என்பதுதான் கேள்வி.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் நல்ல கண்டுபிடிப்பு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை விட்டு விட்டு அறுக்கும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட்; அதில் கேமை உரசும் குச்சி தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங்கும் கூடவே நகரும். எலெக்ட்ரானிக்கில் உரச எதுவும் இல்லை. கார் கம்பெனிகள் 1970களிலிருந்து அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் இருந்தது. என் சண்டை அதனோடு அல்ல. 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கப்படும் மலிவு நகலோடும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிறவர்களோடும்தான்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்பது நான்கு பிளக்குக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் என்று நினைப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது. பிரித்துக் கொடுப்பது அதன் சுலபமான வேலை. கஷ்டமான வேலை நேரம் பார்ப்பது. நான்கு சிலிண்டர் என்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் ஒரு நொடிக்கு 100 பொறி. சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை எரிந்து முடிய ஆகும் நேரம், வேகம் கூடுகிற அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை. அதனால் வேகம் கூடக்கூட, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு இன்னும் முன்னதாகவே பொறி விழவேண்டும். இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் செய்தது டிஸ்ட்ரிபியூட்டரின் வயிற்றுக்குள் இருக்கும் இரண்டு எடைக்கட்டிகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும்தான். பாரத்துக்கு ஏற்ப டைமிங்கை ஏற்றி இறக்க, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேக்குவம் டப்பா.

லூகாஸின் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்துப் பாருங்கள். மூடியையும் ரோட்டரையும் எடுத்து, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டைக் கழற்றினால் கீழே எடைகள் தெரியும். ஸ்பிரிங்குகள் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று மெலிசு, மற்றது தடிப்பு. தடித்த ஸ்பிரிங்கின் கொக்கி கொஞ்சம் லொடலொடவென்று இருக்கும். பழுது என்று நினைத்து அதை நெருக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது பழுதல்ல. ஆரம்ப வேகத்தில் மெல்லியது மட்டும் இழுக்கவேண்டும், அதற்குமேல் போனால் தடித்தது கூடச் சேரவேண்டும் என்பதற்காகவே அப்படி விட்டிருக்கிறார்கள். கேமின் அடித்தட்டில் ஒரு எண் குத்தியிருக்கும். 10 என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் அதிகபட்சம் 10 டிகிரி முன்னேறும். அது கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்க் கணக்கில் 20. வேக்குவம் டப்பாவில் கோடு போட்டுப் பிரித்த மூன்று எண்கள் இருக்கும். எவ்வளவு உறிஞ்சலில் வேலை தொடங்கும், எவ்வளவில் முடியும், மொத்தம் எத்தனை டிகிரி என்பவை அவை. உடம்பின் வெளிப்பக்கத்தில் வகையும் சர்வீஸ் எண்ணும், செய்த வாரமும் ஆண்டும். சின்ன அலுமினிய உடம்புக்குள் ஒரு என்ஜினின் ஜாதகமே இருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நிற்கும்போது 5 டிகிரி வைத்து, உள்ளே 10 எண் தட்டு இருந்தால் வேகத்தில் மொத்தம் 25. அதே ஓட்டையில் அதே 5 டிகிரியில், 15 எண் தட்டுள்ள வேறொன்றைச் சொருகினால் 35. இரண்டும் கச்சிதமாக உட்காரும், இரண்டிலும் வண்டி ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் பூனை மாதிரி நிற்கும். மெக்கானிக்கும் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வித்தியாசம் தெரிவது பரமக்குடி தாண்டி, ராமநாதபுரம் வரைக்கும் கோடு கிழித்தாற்போல் போகும் தேசிய நெடுஞ்சாலையில்தான். அந்த வேகத்தில் காற்றின் இரைச்சலை மீறி நாக்கிங் சத்தம் காதில் விழாது. பிஸ்டன்தான் அடி வாங்கிக்கொண்டிருக்கும். தலைகீழாக, முன்னேற்றம் போதாத டிஸ்ட்ரிபியூட்டர் அமைந்தால் பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில், எதிர்க்காற்றில், வண்டி மூச்சு வாங்கும். சூட்டு முள் மேலே போகும். அப்போது ரேடியேட்டரைக் குற்றம் சொல்லிக் கழற்றுவார்கள்.

மலிவு நகல்களில் இந்த ஜாதகம் யாருக்கு எழுதப்பட்டது? யாருக்கும் இல்லை. அம்பாசடரின் என்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. பி சீரிஸ் குடும்பம். அதே குடும்பத்தில் 1489 சி.சி.யாக எம்.ஜி.ஏ.வும் உண்டு, 1798 சி.சி.யாக எம்.ஜி.பி.யும் உண்டு. எம்.ஜி.பி. 8.8 கம்ப்ரஷனில் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார். நம்முடையதோ அந்தக் காலத்து இந்தியப் பெட்ரோலைக் கணக்கில் வைத்துக் கம்ப்ரஷனைத் தாழ்த்திவைத்த குடும்ப வண்டி. எல்லாவற்றின் பிளாக்கிலும் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் முறை ஏறத்தாழ ஒன்று என்பதற்காக, ஒரே எடை ஒரே ஸ்பிரிங் போட்டு அத்தனைக்கும் விற்கிறார்கள். பெட்டியில் எந்த எண்ணும் இராது. கேட்டால் "ஃபிட் ஆகும் சார்" என்பார்கள். ஃபிட் ஆகும்தான், யார் இல்லையென்றது?

'அம்பாசடருக்கு ஒண்ணு குடுங்க' என்று கேட்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1990களிலிருந்து வந்த அம்பாசடர்களில் 1817 சி.சி. இசுசு என்ஜினும் உண்டு. அது ஓவர்ஹெட் கேம், வேறு ஜாதி. காரின் பெயரைச் சொல்லாமல் என்ஜினைச் சொல்லிக் கேட்கவேண்டும்.

இனி உப்பு. மந்திரத்தின் உயிர்நிலையே இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். நம் கரையில் இரும்பு எப்படி அழியும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா அல்ல. சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் வாக்கில் போனாலே தானாகத் தண்ணீர் இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் வெகு கீழேயே கசிய ஆரம்பித்துவிடும். ஆக, வண்டியின்மேல் படிந்த உப்புத் தூசு மழையில்லாமலேயே நனைந்துதான் கிடக்கிறது. நனைந்த உப்பு கரண்டைக் கடத்தும்.

இந்த ஈரம் எங்கே சேதம் செய்கிறது? பாயிண்டில் ஓடுவது 12 வோல்ட். அங்கே உப்புப் படலம் செய்யக்கூடியது அற்பம். வண்டி மாதக்கணக்கில் நின்றால் பாயிண்ட் முகத்தில் மங்கல் படியும், உண்மை. ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கிழித்து நடுவே விட்டு இழுத்தால் போயிற்று. ஆனால் மூடிக்கும் பிளக் வயருக்கும் வரும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட். அது ஈர உப்பைப் பார்த்தால் விடாது. மூடியின் உட்புறத்தில், ஒரு பித்தளை முனைக்கும் அடுத்ததற்கும் நடுவே, பென்சிலால் கிறுக்கினாற்போல் மெல்லிய கறுப்புக் கோடு விழும். பெட்ரோல் தொட்டுத் துடைத்தாலும் போகாது. அது அழுக்கல்ல, பேக்கலைட்டே கருகிக் கரியான பாதை. அந்தப் பாதை விழுந்த மூடி செத்த மூடி. மார்கழி விடிகாலை, வாடை அடிக்கும் நேரத்தில், இருட்டோடு பானெட்டைத் தூக்கிவைத்து என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். நொந்துபோன வயர்களின்மேல் நீலப் பொறி ஊர்வது தெரியும். மிஸ் அடிப்பதற்குக் காரணம் அங்கே இருக்கிறது. பழி மட்டும் பாயிண்டின் தலையில் விழுகிறது.

எலெக்ட்ரானிக் நகலுக்கும் மூடி உண்டு, ரோட்டர் உண்டு, வயர் உண்டு. உப்பு தாக்கும் இடங்களில் ஒன்றைக்கூட அது நீக்கவில்லை. மாறாக, 'எலெக்ட்ரானிக்தானே' என்று பிளக் இடைவெளியைப் பத்து தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) கூட்டி வைக்கச் சொல்கிறார்கள். இடைவெளி கூடினால் பொறி தாண்ட வேண்டிய அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் சிலிண்டருக்குள் தாண்டுவதைவிட ஈர மூடியின்மேல் ஓடிவிடுவது அதற்குச் சுலபம். உப்புக் கரையில் செய்யத் தகாத காரியத்தை உப்புக்கு மருந்து என்று விற்கிறார்கள்.

உப்பு உண்மையிலேயே கடிக்கிற இடம் இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அலுமினிய உடம்பு, இரும்புக் கிளாம்பு, இரும்பு பிளாக், நடுவே உப்புத் தண்ணீர்: இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும். சில வருஷம் தொடாமல் விட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கிலேயே வெல்டிங் வைத்தாற்போல் பிடித்துக்கொள்ளும். அடித்துக் கழற்றினால் உடம்பு உடையும். உள்ளே எடைகளின் ஊசியும் துருப்பிடித்து இறுகினால் முன்னேற்றமே நின்றுவிடும். மாட்டும்போது தண்டில் கிரீஸ் தடவுவதும், ஆண்டுக்கு ஒருமுறை கிளாம்பைத் தளர்த்தித் திருப்பிப் பார்ப்பதும், ரோட்டரைப் பிடுங்கி நடு ஸ்க்ரூவின்மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதும் செய்தால் இந்த நோய் வராது. புதியதோ பழையதோ, இதைச் செய்யாதவருக்கு எதுவும் நிற்காது.

இப்போது வண்டி நின்றுபோகும் விஷயம். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலில் ஜீப்பும் வேனும் மட்டும் போன காலம் 2017இல் முடிந்தது. தார்ச்சாலை இப்போது அரிச்சல்முனை வரைக்கும் போகிறது, அதனால் பழைய காரும் போகிறது. மாலை ஆனால் போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பும் இடம் அது. அங்கே பாயிண்ட் வண்டி நின்றால் ஸ்க்ரூடிரைவரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் பெரும்பாலும் கிளம்பிவிடலாம். பாயிண்டும் கண்டன்சரும் ஒரு ஜோடி டேஷ்போர்டில் கிடந்தால் கவலையே வேண்டாம். பெயர் தெரியாத நகலில் பாயிண்டின் இடத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக் மாட்யூல் செத்தால்? அதற்கு முன்னறிவிப்பு கிடையாது, முனகல் கிடையாது, பட்டென்று போகும். அதே மாட்யூல் ராமேஸ்வரத்தில் கிடைக்காது. மதுரையில் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கயிறு கட்டி இழுத்துவர வேண்டியதுதான்.

எதிர்க்கட்சியிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் புதுப் பாயிண்டும் கண்டன்சரும் ரோட்டரும் பல சமயம் பாடாவதி. கண்டன்சர் சூடு ஏறினதும் கைவிடும். ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ஆணி வழியாகவே பொறி ஷாஃப்டுக்கு இறங்கிவிடும். இதெல்லாம் நடக்கிறது. ஆனால் இதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் வேடிக்கை. கைக்கு அடக்கமான கண்டன்சரையே ஒழுங்காகச் செய்யாத அதே சந்தை, ஒரு முழு டிஸ்ட்ரிபியூட்டரை அதைவிட ஒழுங்காகச் செய்து அதைவிட மலிவாகக் கொடுக்கும் என்று எப்படி நம்புவது? நகலோடு வரும் மூடியும் ரோட்டரும் அதே தரம்தானே? பழைய சரக்காகக் கிடக்கும் லூகாஸ் டி.வி.எஸ். பெட்டிகளைத் தேடுங்கள். சென்னைப் பாடியில் 1960களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் கம்பெனி அது, மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய குழுமத்தின் வழி வந்தது. அம்பாசடர்கள் ஆயிரக்கணக்கில் ஓடிய நாட்டில் அந்தச் சாமான் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. கண்டன்சரை வாங்கும்போது மீட்டரில் வைத்துப் பாருங்கள், 0.2 மைக்ரோஃபாரட் சுற்றி இருக்கவேண்டும். அதற்கு மேலும் பாயிண்டே வேண்டாம் என்பவர், பழைய உடம்பையும் அதன் எடைகளையும் வைத்துக்கொண்டு பாயிண்ட் இருந்த இடத்தில் மட்டும் நல்ல கம்பெனியின் மாட்யூல் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. கழற்றிய பாயிண்ட் தட்டைப் பத்திரமாக டிக்கியில் போட்டுவையுங்கள்.

மாட்யூல் வைக்கிறவர்கள் காயிலைப் பார்க்காமல் வைப்பதும் சகஜம். சாதாக் காயிலின் ரெசிஸ்டன்ஸ் 3 ஓம் சுற்றி. பாலஸ்ட்டோடு வருவது 1.5. முன்னதற்கென்று செய்த மாட்யூலைப் பின்னதில் கட்டிவிட்டு, என்ஜின் ஓடாமல் சாவியைப் போட்டபடி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தால் மாட்யூல் வெந்துபோகும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும், ஆதிகால ஜீப்புகளில் 6 வோல்ட்டும் உண்டு. நகல்கள் பெரும்பாலும் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கென்று செய்தவை. மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் கதை முடிந்தது.

ஆக, காயலான் கடையில் எதைப் பார்த்து வாங்குவது? சென்னை போகிறவர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது, அது வேறு உலகம். உள்ளூர்க் கடையிலும் கிடைக்கும், பொறுமை வேண்டும். ஷாஃப்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பாயிண்ட் இடைவெளி வெவ்வேறாகும், பொறி நேரமும் சிதறும். இதற்காக வேண்டாமென்று தள்ளிவிடாதீர்கள். விலை பேசக் கிடைத்த சாக்கு அது. லேத் பட்டறையில் பித்தளை புஷ் போட்டு ரீமர் விட்டால் தீர்ந்தது. ரோட்டரைச் சற்றுத் திருகி விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கவேண்டும். இழுக்காவிட்டால் உள்ளே இறுகியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் இல்லை. வேக்குவம் டப்பாவின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். தட்டு நகர்ந்து அப்படியே நின்றால் டயஃப்ரம் உயிரோடு இருக்கிறது. கீழ்முனையில் இருக்கும் நாய்ப்பல் நடுவிலிருந்து விலகி இருப்பதையும், அது உங்கள் என்ஜினின் டிரைவில் உட்காருகிறதா என்பதையும் பாருங்கள். முக்கியமாக, கேம் தட்டின் எண். அது தெரியாமல் வாங்குவது நகல் வாங்குவதற்குச் சமம். டைமிங்கை நுணுக்கமாக நகர்த்த 'ஏ', 'ஆர்' என்று எழுதிய திருகு பக்கத்தில் இருந்தால் கூடுதல் அதிர்ஷ்டம். பெட்ரோல் தரம் ஊருக்கு ஊர் மாறிய காலத்தில், நாக்கிங் கேட்டால் டிரைவரே சாலையோரம் நிறுத்தித் திருகிக்கொள்ள வைத்த ஏற்பாடு அது. பங்குகளில் இ20 வந்துவிட்ட இந்த நாளில் மறுபடி அதற்கு வேலை வந்திருக்கிறது.

என்ஜினை மாற்றுகிறவர்களுக்கு இடையில் ஒன்று: என்ஜின் எண்ணும் எரிபொருளும் ஆர்.சி.யில் ஏறாமல் எதையும் சாலையில் விடாதீர்கள். 2021இல் வந்த விண்டேஜ் விதியின்கீழ் ஐம்பது வயது வண்டியைப் பதிய நினைக்கிறவர்கள் இன்னும் ஒரு தடவை யோசியுங்கள். என்ஜினில் கைவைத்த வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

கடைசியாகச் சொல்லப்படுவது, "இதெல்லாம் தெரிஞ்ச ஆள் இப்ப எங்க இருக்கான்?" நியாயமான கவலைதான். பாம்பனிலும் மண்டபத்திலும் கை தேர்ந்த மெக்கானிக்குகள் விசைப்படகு டீசல் பார்க்கிறவர்கள். அவர்களுக்குப் பிளக்கே பழக்கமில்லை. இளவட்ட கார் மெக்கானிக்குகள் ஸ்கேனரைச் சொருகிப் பழகியவர்கள். ஆனால் நகலை மாட்டினால் டைமிங் தானாக விழுந்துவிடுமா? அதையும் யாரோ ஒருவர் வைத்துத்தான் ஆகவேண்டும். பாயிண்ட் உள்ளதற்கு அந்த வேலை எளிது. முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் கொண்டுவந்து, முன்பக்கப் புல்லியின் குறியைக் கையேடு சொல்லும் அளவில் நிறுத்தி, பீலர் கேஜில் பாயிண்ட் இடைவெளி 15 தௌ வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் வயர் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பைக் கட்டி, சாவியைப் போட்டு, உடம்பை மெதுவாகத் திருப்பவேண்டும். பல்பு எரிகிற அந்த இடத்தில் கிளாம்பை முறுக்கினால் டைமிங் ரெடி. எலெக்ட்ரானிக் நகலில் இந்தப் பல்பு வித்தையை நம்ப முடியாது. ஓடுகிற என்ஜினில் டைமிங் லைட் பிடித்துத்தான் பார்க்கவேண்டும். ராமநாதபுரத்தில் எத்தனை பட்டறையில் டைமிங் லைட் இருக்கிறது என்று, நகலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.